போர்வையில் தைத்த பெயர்கள்

பெரியம்மா கேட்ட கேள்வி

எங்கள் கற்போர் மையம் மும்பையில், தாராவியில் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு வகுப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். எல்லோருக்கும் பகலெல்லாம் வேலை இருக்கும். சிலர் இட்லி அவித்து விற்கிறார்கள். சிலர் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். சிலர் தையல் பட்டறையில் பட்டன் வைக்கிறார்கள்.

நான் அங்கே தொண்டர். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள்.

ஒரு நாள் எல்லோரும் அவரவர் பெயரை எழுதிப் பழகினோம். எங்கள் வகுப்பில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைத் தாண்டியவர். எல்லோரும் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தன் பெயரை முழுதாக எழுதி முடித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம் தாயி, இத்தன வருசமா கைநாட்டு வச்சே காலம் ஓடிப் போச்சு. இனிமே பேரு எழுதி என்ன ஆவப் போவுது?" என்று கேட்டார்.

ரேஷன் கடை, வங்கி, அலுவலகம் என்று வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்லலாம். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தோன்றியது. "நாளைக்குச் சொல்லுதேன் பெரியம்மா" என்றேன்.

மறுநாள் நான் சொன்ன செய்திதான் இந்தப் பாடம். இது கட்டுக்கதை இல்லை. உண்மையில் நடந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

சிங்கப்பூர் நமக்குப் பழக்கமான பெயர். நம் மக்கள் பலர் அங்கே பிழைக்கப் போனார்கள். முன்பு அது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்த காலம். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஆங்கிலேயப் படைவீரர்களும், ஆஸ்திரேலியப் படைவீரர்களும், இந்தியப் படைவீரர்களும் போர்க்கைதி ஆனார்கள்.

அங்கே வாழ்ந்த வெள்ளைக்காரக் குடும்பங்களையும் ஜப்பானியர் சிறை பிடித்தனர். அவர்கள் படைவீரர்கள் அல்ல. ஆசிரியர், மருத்துவர், தாதி, வியாபாரி, தோட்ட அதிகாரி என்று பல வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய மனைவிமாரும் பிள்ளைகளும்கூடச் சிறைப்பட்டார்கள்.

மார்ச் மாதம் அந்தப் பெண்களும் குழந்தைகளும் பல மைல் தூரம் வெயிலில் நடந்தார்கள். போய்ச் சேர்ந்த இடம் சாங்கிச் சிறை. அது 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறை. அதில் 2,000 பேருக்கு மேல் அடைத்தார்கள். அவர்களில் பெண்களும் குழந்தைகளுமாகச் சுமார் 400 பேர் இருந்தார்கள்.

ஆண்கள் ஒரு பக்கம். பெண்களும் குழந்தைகளும் இன்னொரு பக்கம். நடுவில் சுவர். சில பெண்களின் கணவன்மார் படைவீரர்கள். அவர்கள் வேறு முகாமில் இருந்தார்கள்.

சாப்பாடு குறைவு. இடம் நெருக்கடி. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவியும் பிள்ளையும் என்ன ஆனார்கள் என்று கணவனுக்கும் தெரியாது.

நான் இதைச் சொன்னபோது வகுப்பில் ஓர் அக்கா கேட்டார். "ஒரு கடுதாசி போடப்படாதா?"

கடிதம் போடத்தான் வழி இல்லை. கையில் இருந்தது ஊசியும் நூலும்தான்.

சிறுமிகள் தைத்த போர்வை

சிறையில் இருந்த சிறுமிகளுக்கு எலிசபெத் என்னிஸ் என்பவர் ஒரு சாரணியர் குழு நடத்தினார். எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுமிகள், சுமார் இருபது பேர், அதில் சேர்ந்தார்கள். தங்கள் தலைவியின் பிறந்த நாளுக்கு ஏதாவது பரிசு கொடுக்க நினைத்தார்கள்.

சிறையில் என்ன கிடைக்கும்? கிழிந்த சட்டை கிடைக்கும். பழைய பாவாடை கிடைக்கும். மாவு மூட்டைத் துணி கிடைக்கும். அவற்றைச் சின்னச் சின்னதாக வெட்டினார்கள். பழைய துணியிலிருந்தே நூலைப் பிரித்து எடுத்தார்கள். யாருக்கும் தெரியாமல் மறைத்து மறைத்துத் தைத்தார்கள். துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒரு போர்வை ஆக்கினார்கள். நடுநடுவே தங்கள் பெயர்களையும் தைத்தார்கள்.

அந்தப் போர்வை இன்று லண்டனில் உள்ள போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தைத்த சிறுமிகளில் ஒருவர் வயதான பிறகு அந்த நாட்களைப் பற்றிப் பேசினார். அவர் பேசியதால்தான் பல செய்திகள் வெளியே தெரிந்தன.

ஆளுக்கு ஒரு சதுரம்

சிறுமிகள் செய்ததைப் பெரியவர்கள் பார்த்தார்கள். எத்தல் மல்வேனி என்ற பெண்மணிக்கு ஒரு யோசனை வந்தது. அவர் கனடா நாட்டில் பிறந்தவர். அவருடைய கணவர் ராணுவ மருத்துவர்.

அவர் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு சதுரத் துணி கொடுத்தார். "இதில் உங்கள் பெயரைத் தைத்துக் கொடுங்கள். உங்களைப் பற்றி ஏதாவது ஒன்றையும் சேர்த்துத் தையுங்கள்" என்பதுதான் அவர் வைத்த வேண்டுகோள்.

ஒருவர் பூவைத் தைத்தார். ஒருவர் கப்பலைத் தைத்தார். ஒருவர் தன் நாட்டுப் படத்தைத் தைத்தார். ஒருவர் தன் சிறை அறையையே தைத்தார். கூடவே தங்கள் பெயரையும் தைத்தார்கள்.

சதுரங்களை ஒன்று சேர்த்து மூன்று போர்வைகள் செய்தார்கள். ஒன்று காயம்பட்ட ஆங்கிலேய வீரர்களுக்கு. ஒன்று காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர்களுக்கு. மூன்றாவது காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு.

சிறை பிடித்தவர்களுக்கே போர்வையா என்று நீங்கள் கேட்கலாம். அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. ஜப்பானியருக்கும் ஒன்று கொடுத்தால்தான் மற்ற இரண்டையும் வெளியே அனுப்ப அனுமதி கிடைக்கும். காயம்பட்டவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அவனுக்கும் ஒரு போர்வை வேண்டும் அல்லவா?

போர்வைகள் வெளியே போயின. ஆங்கிலேயப் போர்வையும் ஆஸ்திரேலியப் போர்வையும் போர்க்கைதிகள் இருந்த மருத்துவமனைக்குப் போயின.

யோசித்துப் பாருங்கள். ஒரு கைதி கட்டிலில் படுத்திருக்கிறான். மேலே ஒரு போர்வை. அதில் வரிசையாகப் பெயர்கள். அதில் ஒன்று தன் மனைவியின் பெயர். அல்லது தன் நண்பனுடைய மனைவியின் பெயர். அவள் கையால் தைத்தது. அப்படியானால் அவள் உயிரோடு இருக்கிறாள். அவளால் ஊசி பிடிக்க முடிகிறது. ஒருவர் படித்தால் போதும். செய்தி வாய்க்கு வாய் பரவிவிடும்.

நான் இந்த இடத்தில் நிறுத்தினேன். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. தான் எழுதிய பெயரை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

பெயரைப் பிடித்துக்கொண்டு போனவர்கள்

1944இல் அந்தக் கைதிகளை வேறு முகாமுக்கு மாற்றினார்கள். 1945இல் போர் முடிந்தது. அவர்கள் விடுதலை ஆனார்கள்.

போர்வைகள் அழியவில்லை. ஆங்கிலேயப் போர்வை லண்டனில் பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் போய்ச் சேர்ந்தது. மற்ற இரண்டும் ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில், போர் நினைவகத்தில் இருக்கின்றன.

ஆண்டுகள் ஓடின. தைத்தவர்கள் பாட்டி ஆனார்கள். சிறைக் கதையைப் பலர் வீட்டில் பேசவே இல்லை. பிள்ளைகளுக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் பாதிக் கதைதான் தெரியும். "எங்கள் பாட்டி சாங்கியில் இருந்தாராம்" என்பதோடு சரி.

பிறகு அந்தக் குடும்பத்தாரும், வரலாறு எழுதுகிறவர்களும் போர்வையில் உள்ள பெயர்களைத் தேடத் தொடங்கினார்கள். இவர் யார்? எந்த ஊர்? யாருடைய மகள்? பிறகு என்ன ஆனார்?

ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதலில், பெயரைத் தைத்தபடியே எழுத்து எழுத்தாகப் படி எடுக்க வேண்டும். நாமாகத் திருத்தக் கூடாது. தப்பாகத் தைத்திருந்தாலும் தப்பாகவே எழுத வேண்டும்.

இரண்டாவது, அதை இன்னொரு பட்டியலோடு ஒப்பிட வேண்டும். சாங்கி முகாமில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கள் உள்ளன. அவை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. போர்வையில் உள்ள பெயர் பட்டியலில் இருந்தால் ஒரு படி ஏறியாயிற்று.

மூன்றாவது, பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். கப்பலில் வந்தவர்களின் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நான்காவது, குடும்பத்தில் உள்ள பெரியவர்களைக் கேட்க வேண்டும். பழைய கடிதம், புகைப்படம், நாட்குறிப்பு எல்லாம் உதவும்.

இதில் சிக்கலும் உண்டு. கல்யாணம் ஆனதும் அந்த நாட்டுப் பெண்களுக்குக் குடும்பப் பெயர் மாறிவிடும். சிலர் கணவன் பெயரையே தன் பெயராக எழுதுவார்கள். "இன்னாருடைய திருமதி" என்று. அப்போது அவருடைய சொந்தப் பெயர் மறைந்துவிடும். ஒரே பெயரில் இரண்டு பேரும் இருப்பார்கள். அதனால் ஒரே ஒரு ஆதாரத்தை நம்பி முடிவு செய்யக் கூடாது. இரண்டு ஆதாரம் ஒன்றாகப் பேசினால்தான் நம்பலாம்.

ஷீலா ஆலன் என்ற பெண்ணின் கதையைப் பாருங்கள். சிறைக்குப் போகும்போது அவருக்குப் பதினேழு வயது. மலேயாவில் பிறந்தவர். தந்தை ஆஸ்திரேலியர். ஆஸ்திரேலியப் போர்வையில் அவருடைய சதுரமும் இருக்கிறது. சிறையில் அவர் யாருக்கும் தெரியாமல் நாட்குறிப்பு எழுதினார். அவருடைய தந்தை 1945இல் முகாமிலேயே இறந்துபோனார். விடுதலைக்குப் பிறகு ஷீலா ஆஸ்திரேலியா போனார். 1994இல் அந்த நாட்குறிப்பு புத்தகமாக வந்தது. போர்வையும் நாட்குறிப்பும் ஒன்றுக்கு ஒன்று சாட்சி.

எண்ணிக்கையில் இருந்தார்கள், பெயரில் இல்லை

துணியில் பெயர் எழுதும் வழக்கம் சாங்கியில் புதிதாகத் தோன்றியது அல்ல. அமெரிக்காவில் 1840களில் பல பெண்கள் இப்படிச் செய்தார்கள். உறவினரோ தோழியோ தூர ஊருக்குக் குடிபோகும்போது ஒட்டுத் துணிப் போர்வை தைத்துக் கொடுப்பார்கள். ஆளுக்கு ஒரு துண்டில் கையெழுத்துப் போடுவார்கள். பின்னாளில் ஒரு பெயருக்குப் பத்துக் காசு என்று வாங்கி, பொதுக் காரியத்துக்குப் பணமும் சேர்த்தார்கள்.

அந்தப் போர்வைகளுக்கு இன்று பெரிய மதிப்பு இருக்கிறது. ஏன் தெரியுமா? அமெரிக்காவில் 1790 முதல் 1840 வரை எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவர் பெயரை மட்டுமே எழுதினார்கள். மனைவி, மகள், மகன் எல்லோரும் வெறும் எண்ணிக்கைதான். 1850இல்தான் வீட்டில் உள்ள மற்றவர்கள் பெயரும் எழுதப்பட்டது. அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களை அப்போதும் எண்ணிக்கையாகத்தான் எழுதினார்கள்.

ஆக, அரசாங்கக் காகிதத்தில் பெயர் இல்லாத ஒரு பெண், போர்வையில் பெயரோடு இருக்கிறாள்.

நம் நாட்டிலும் உண்டு. வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கி வைத்துத் தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காக ஒரு காந்தா தைத்தார். அதில் தன் பெயரையும் தைத்தார். அதனால்தான் அவரை இன்று நமக்குத் தெரிகிறது.

இன்னொரு செய்தி. இது நாம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951-52இல் நடந்தது. அதற்கு வாக்காளர் பட்டியல் எழுத வீடு வீடாகப் போனார்கள். பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. "இன்னார் மனைவி", "இன்னார் அம்மா" என்றே சொன்னார்கள். அன்னியரிடம் பெயர் சொல்லக் கூடாது என்பது வழக்கம். பெயர் இல்லாமல் எப்படி ஓட்டுப் போடுவது? கடைசியில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களைப் பட்டியலில் இருந்து நீக்கினார்கள்.

28 லட்சம் பேர்! பெயர் சொல்லாததால் ஓட்டு போனது.

திரும்பி வராத சின்னத் தாத்தா

சிங்கப்பூர், மலேயா என்று பேசியதும் ஓர் அக்காவுக்குத் தன் குடும்பக் கதை நினைவு வந்தது.

"எங்க தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். மலேயாவுல ரப்பர் தோட்டத்து வேலைக்குப் போனவரு. சண்டைக் காலத்துல ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனாங்களாம். திரும்பவே இல்ல. அவரு பேரு எங்கயாவது இருக்குமா?"

அவர் சொன்னது சயாம்-பர்மா ரயில் பாதை. மரண ரயில் பாதை என்று சொல்வார்கள். 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் அதைப் போட்டார்கள். காட்டிலும் மலையிலும் வேலை. போர்க்கைதிகளையும் ஆசியத் தொழிலாளர்களையும் வைத்து வேலை வாங்கினார்கள். மலேயாத் தோட்டங்களில் இருந்த தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. பலர் திரும்பவில்லை.

அங்கே போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களுக்காகத் தாய்லாந்திலும் பர்மாவிலும் பெரிய கல்லறைத் தோட்டங்கள் உள்ளன. கல்லில் பெயர், வயது, படைப் பிரிவு பொறித்திருக்கிறார்கள். பேரப் பிள்ளைகள் தேடிப் போய்ப் பூ வைக்கிறார்கள்.

ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு பேர் இறந்தார்கள். பல பத்தாயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. சரியான பெயர்ப் பட்டியலும் இல்லை.

நான் அந்த அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். "அவர் பேர அந்த ரயில் ரோட்டுப் பக்கம் தேடிக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்க்கா. ஆனா உங்க வீட்டுல அவர் பேரு தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"எங்க அத்தைக்குத் தெரியும்" என்றார்.

"அப்ப இந்த வாரமே கேட்டு எழுதி வச்சிருங்க. அத்தையும் போயிட்டா அந்தப் பேரு யாருக்குமே தெரியாமப் போயிரும்."

அவர் அன்றே ஊருக்குப் போன் போட்டார். மறுநாள் நோட்டின் முதல் பக்கத்தில் சின்னத் தாத்தாவின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார். அவர் சொந்தமாக எழுதிய முதல் வரி அதுதான்.

பெரியம்மாவின் செம்பு

அடுத்த வகுப்புக்குப் பெரியம்மா ஒரு துணிப்பை கொண்டுவந்தார். உள்ளே ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. அடி நெளிந்திருந்தது. பளபளவென்று விளக்கியிருந்தார்.

"எங்கம்மா எனக்குக் குடுத்தது. நாப்பது வருசமா புளி போட்டு விளக்குதேன். கழுத்துல என்னமோ வெட்டியிருக்கு. எங்கப்பா பேரா இருக்கும்னு நெனச்சேன். நேத்து ராத்திரி எழுத்துக் கூட்டிப் படிச்சேன் தாயி. எங்கப்பா பேரு இல்ல."

எல்லோரும் சுற்றி வந்து பார்த்தோம். புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. முதலில் தலைப்பு எழுத்து. அடுத்து ஒரு பெண்ணின் பெயர். அடுத்து ஊர்ப் பெயர். தேதி தேய்ந்துபோயிருந்தது.

"இது எங்க ஆச்சி பேரு. அம்மாவப் பெத்த ஆச்சி. எல்லாரும் ஆச்சி ஆச்சின்னுதான் கூப்பிடுவோம். பேரு எனக்கு மறந்தே போச்சு. ஊரும் நான் நெனச்ச ஊரு இல்ல."

அந்தச் செம்பை வைத்துப் பெரியம்மா தன் அண்ணனிடம் பேசினார். அண்ணன் வீட்டுப் பரணில் பழைய மொய் நோட்டு ஒன்று இருந்தது. அதில் அதே ஊர்ப் பெயரில் நான்கு குடும்பங்கள் மொய் செய்திருந்தார்கள். ஒரு குடும்பம் இன்றும் அதே ஊரில் இருக்கிறது. ஆச்சியின் தங்கை வழி வந்தவர்கள். பெரியம்மா அவர்களோடு பேசினார். ஆச்சிக்கு மொத்தம் ஏழு பிள்ளைகள் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

செம்பு ஓர் ஆதாரம். மொய் நோட்டு இரண்டாவது ஆதாரம். சாங்கிப் போர்வைக்குச் செய்ததைத்தான் பெரியம்மாவும் செய்தார்.

நம் வீடுகளில் ஒட்டுத் துணிப் போர்வையில் கையெழுத்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் பேர் வெட்டிய பாத்திரம் இருக்கிறது. மொய் நோட்டு இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் அவை பேசும்.

நீங்களும் தேடலாம்

உங்கள் குடும்பத்தின் பெயர்களைத் தேட இப்படித் தொடங்குங்கள்.

1. ஒரு நோட்டு வாங்குங்கள். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள். உங்கள் அம்மா, அப்பா பெயரை எழுதுங்கள். பிறகு நான்கு தாத்தா பாட்டிகளின் பெயரை எழுதுங்கள். தெரியாத இடத்தில் கோடு போட்டு விடுங்கள்.

2. வீட்டில் மூத்தவரிடம் முதலில் கேளுங்கள். காகிதம் காத்திருக்கும். வயதானவர்கள் காத்திருக்க முடியாது.

3. பெண்களின் பெயரைத் தனியாகக் கேளுங்கள். "ஆச்சி", "அப்பத்தா", "இன்னார் அம்மா" என்று சொன்னால் விடாதீர்கள். "அவங்க சொந்தப் பேரு என்ன?" என்று கேளுங்கள். பிறந்த ஊரையும் கேளுங்கள்.

4. பாத்திரங்களைப் பாருங்கள். மொய் நோட்டு, கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ், நிலப் பத்திரம், பழைய கடிதம் எல்லாம் பாருங்கள். உள்ளபடியே படி எடுங்கள்.

5. பதிவேடுகளைக் கேளுங்கள். பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்ய வேண்டும் என்று 1969ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நகராட்சியிலோ ஊராட்சியிலோ விசாரிக்கலாம். கோயில், தேவாலயம், பள்ளிவாசல் ஆகியவற்றின் ஏடுகளிலும் சில பெயர்கள் கிடைக்கும்.

6. யார் சொன்னார், எந்தக் காகிதத்தில் இருந்தது, என்றைக்குப் பார்த்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள்.

7. இரண்டு ஆதாரம் கிடைத்தால் பெயருக்குக் கீழே கோடு போடுங்கள். ஒன்றுதான் கிடைத்தது என்றால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அசல் பத்திரத்தையும் அட்டையையும் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். நகல் மட்டும் கொடுங்கள்.

எங்கள் மையத்துப் போர்வை

எங்கள் வகுப்பில் நாங்களும் ஒரு போர்வை தைத்தோம். தையல் பட்டறையில் மிஞ்சிய வெட்டுத் துணி கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு சதுரம். ஒவ்வொரு சதுரத்திலும் மூன்று வரி. தன் பெயர். தன் அம்மாவின் பெயர். தன் ஊர்.

மொத்தம் 24 சதுரங்கள். மூன்று பேருக்குத் தங்கள் அம்மாவின் பெயர் சரியாகத் தெரியவில்லை. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர்கள். அந்த வரியை வெறுமனே விட்டுவைத்தோம். இரண்டு பேர் பிறகு விசாரித்து வந்து தைத்துவிட்டார்கள். ஒரு வரி இன்னும் காலியாக இருக்கிறது. அந்த அக்கா தேடிக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா மட்டும் நான்கு வரி தைத்தார். நான்காவது வரியில் ஆச்சியின் பெயர்.

"எழுத்து கோணலா இருக்கே பெரியம்மா, பிரிச்சுத் தைப்போமா?" என்று ஒருவர் கேட்டார்.

"வேண்டாம்ளா. என் பேத்தி பாத்தா என் கைன்னு தெரியணும்" என்றார்.

சொற்களும் பொருளும்

போர்க்கைதி – போரில் பிடிபட்ட படைவீரர்
முகாம் – பலரை ஒன்றாகத் தங்க வைக்கும் இடம்
பதிவேடு – விவரங்களை எழுதி வைக்கும் அரசு ஏடு
ஆதாரம் – ஒன்று உண்மை என்று காட்டும் சான்று
நாட்குறிப்பு – அன்றன்று நடந்ததை எழுதி வைக்கும் நோட்டு
படி எடுத்தல் – உள்ளதை உள்ளபடியே பார்த்து எழுதுதல்

படித்துப் பதில் சொல்லுங்கள்

1. சாங்கிப் பெண்கள் போர்வையில் ஏன் பெயர் தைத்தார்கள்?
2. மூன்றாவது போர்வை யாருக்கு? ஏன்?
3. முதல் பொதுத் தேர்தலில் 28 லட்சம் பெண்கள் ஓட்டை ஏன் இழந்தார்கள்?
4. பெரியம்மாவுக்குக் கிடைத்த இரண்டு ஆதாரங்கள் எவை?

கணக்குப் போடுங்கள்

சாங்கியின் மூன்று பெரிய போர்வைகளில் ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். மொத்தம் எத்தனை சதுரங்கள்?

நீங்கள் ஒருவர். அம்மா, அப்பா இருவர். தாத்தா பாட்டி நால்வர். அவர்களைப் பெற்றவர்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் பெயர் உங்களுக்குத் தெரியும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் பெண்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? சொந்தப் பெயரிலா, "இன்னார் அம்மா" என்றா? எந்தக் காகிதத்தில் அவர்கள் சொந்தப் பெயர் இருக்கிறது?

எழுதுங்கள்

கீழே உள்ள கோடுகளில் எழுதுங்கள். யாரிடமும் கேட்டு எழுதலாம்.

என் பெயர் ....................
என் அம்மாவின் பெயர் ....................
என் அம்மாவைப் பெற்ற பாட்டியின் பெயர் ....................
அவர் பிறந்த ஊர் ....................
இதை எனக்குச் சொன்னவர் ....................
எழுதிய தேதி ....................

கையெழுத்து ....................